383 ஸ்ட்ரோக்கருக்கு எந்த ஹார்மோனிக் பேலன்சர்?

ஹார்மோனிக் பேலன்சர் (டேம்பர் என்றும் சொல்வார்கள்) என்பது கிராங்கின் முன்முனையில் மாட்டி, அதன் முறுக்கு அதிர்வை அடக்கும் பாகம். ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தைக் கூட்டிக் கட்டிய இன்ஜின்தான் ஸ்ட்ரோக்கர். நீங்கள் கேட்டதைச் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். செவ்ரோலே ஸ்மால் பிளாக் 350 இன்ஜினை முழுக்கப் பிரித்து, சிலிண்டரை 4.030 அங்குலத்துக்கு போர் செய்து, 3.75 அங்குல ஸ்ட்ரோக் உள்ள ஃபோர்ஜ்டு கிராங்க் போட்டு 383 கன அங்குலமாகக் கட்டுகிறீர்கள். பழைய இன்ஜின் 5,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டியதில்லை. புதியதை 6,500 வரை இழுக்கப் போகிறீர்கள். பெரும்பாலும் சாலையில்தான் ஓட்டம், அவ்வப்போது கால் மைல் டிராக். பழைய பேலன்சர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதையே மாட்டலாமா? வேண்டாமென்றால் தரமான ரப்பர் வகையா, சிலிக்கோன் திரவ வகையா, லேசான அலுமினியப் புல்லியா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழையது வேண்டாம். அலுமினியப் புல்லி வேண்டவே வேண்டாம். மீதி இரண்டில் எதுவும் உங்கள் கிராங்கைக் காப்பாற்றும். என்னைக் கேட்டால் திரவ வகையை எடுப்பேன், காரணம் கீழே வரும். ஆனால் எதை வாங்குவதற்கும் முன்னால், உங்கள் கிராங்க் இன்டர்னல் பேலன்ஸா (சமநிலை எடை முழுதும் கிராங்கிலேயே) எக்ஸ்டர்னல் பேலன்ஸா (அதில் ஒரு பகுதி வெளியே, இரண்டு முனையிலும்) என்று உறுதியாகத் தெரிய வேண்டும். அதுவும் கிராங்க் பேலன்சிங் மெஷினில் ஏறுவதற்கு முன்பே.

நிறையப் பேர் குதிரைத்திறனைப் பார்த்து பேலன்சர் வாங்குகிறார்கள். 400 குதிரைக்கு இது, 600 குதிரைக்கு அது என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. பேலன்சர் வேலை செய்வது கிராங்குக்காக. கிராங்க் எவ்வளவு நீளம், எவ்வளவு விறைப்பு, அதில் தொங்கும் பிஸ்டனும் ராடும் என்ன எடை, எந்த ஆர்.பி.எம்.மில் அது ஓடப்போகிறது, இவைதான் தீர்மானிக்கின்றன. இதே குதிரைத்திறனை 4,500-இல் தரும் இன்ஜினுக்கும் 7,000-இல் தரும் இன்ஜினுக்கும் தேவைப்படும் டேம்பர் வேறு வேறு.

ஏன் என்று பார்க்கலாம். கையில் எடுத்தால் கிராங்க் வளையாத இரும்புத் துண்டு மாதிரிதான் தெரியும். ஓடும்போது அது ஒரு ஸ்பிரிங். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது அதன் த்ரோ (ராடு மாட்டியிருக்கும் கிராங்கின் முழங்கை) முன்னே தள்ளப்படுகிறது. பின்னால் இருக்கும் கனமான ஃப்ளைவீல் அதே வேகத்தில் வர மறுக்கிறது. நடுவில் கிராங்க் டிகிரியின் ஒரு பின்னம் அளவுக்கு முறுக்கிக்கொள்கிறது. அடுத்த கணம் விடுபட்டு எதிர்ப்பக்கம் போகிறது. இந்த முறுக்கு அதிர்வுக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. வெடிப்புகளின் தாளம் அந்த அதிர்வெண்ணோடு சேர்ந்துவிட்டால் ஒத்ததிர்வு. ஊஞ்சல் திரும்பி வரும் சரியான நேரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தள்ளு கொடுத்தால் அது எவ்வளவு உயரம் போகும்? அதேதான் நடக்கிறது. ஃப்ளைவீல் பக்கம் ஆட்டம் குறைவு, முன் மூக்குப் பக்கம்தான் அதிகம். பேலன்சரை முன்பக்கம் வைத்திருப்பதே அதனால்தான்.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் கிராங்கின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு 400 என்று வைத்துக்கொள்வோம் (கணக்குப் புரிவதற்காக நான் எடுத்த எண், உங்கள் கிராங்கை அளந்த எண் இல்லை). நிமிடத்துக்கு 24,000. நான்கு ஸ்ட்ரோக் வி8-இல் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கு வெடிப்பு. எனவே நான்காம் வரிசைத் தூண்டல் (ஒரு சுற்றுக்கு எத்தனை தள்ளு என்பதே வரிசை எண்) ஒத்ததிர்வைத் தொடும் இடம் 24,000 வகுத்தல் 4, அதாவது 6,000 ஆர்.பி.எம். எட்டாம் வரிசை 3,000-இல் தொடும், ஆனால் அதன் பலம் குறைவு. இடையில் நாலரை, ஐந்தரை என்று அரை வரிசைகளும் உண்டு. நாலரை 5,333-இல் வரும்.

இந்த எண்களை உங்கள் இன்ஜின் மேல் வைத்துப் பாருங்கள். பழைய இன்ஜின் 5,000-இல் நின்றுவிட்டது, ஆகவே 6,000-இல் இருந்த பெரிய சிகரத்தை அது ஆயுளில் ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை. புதிய இன்ஜின் டிராக்கில் ஒவ்வொரு கியரிலும் அதைக் கடக்கும். ஏறும்போது ஒரு முறை, கியர் மாற்றி ஆர்.பி.எம். விழும்போது இன்னொரு முறை. குதிரைத்திறன் ஒன்றுகூடக் கூடாவிட்டாலும் கிராங்கின் வாழ்க்கை அடியோடு மாறிவிட்டது. அதோடு, ஸ்ட்ரோக் கூடினால் கிராங்கின் விறைப்பு பொதுவாகக் குறையும், சிகரம் கீழே இறங்கும். லேசான பிஸ்டனும் ராடும் போட்டால் மேலே ஏறும். ஒவ்வொரு வெடிப்பின் பலமும் கூடியிருப்பதால் சிகரத்தின் உயரமும் கூடும். பழைய பேலன்சர் டியூன் செய்யப்பட்டது 3.48 அங்குல ஸ்ட்ரோக் உள்ள பழைய கிராங்குக்கு. அது புதியதாகவே இருந்தாலும் இந்த வேலைக்குப் பொருந்தாது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறு சிலிண்டர் கார்கள் வந்தபோது, நீண்ட கிராங்குகள் காரணம் தெரியாமல் உடைந்தன. 1910-ஐ ஒட்டி ஃபிரெடெரிக் லான்செஸ்டர் கிராங்க் முனையில் வைக்கும் டேம்பரை உருவாக்கினார். ஹென்றி ராய்ஸும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர். இன்றும் நேர்வரிசை ஆறு சிலிண்டர்க்காரர்கள்தான் டேம்பரில் அதிகக் கவனமாக இருப்பார்கள். கிராங்க் நீளம் அப்படி.

டேம்பர் சரியில்லாவிட்டால் என்ன ஆகும்? கிராங்க் உடைவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நிறைய அறிகுறிகள் வரும், பலரும் அவற்றை வேறு கணக்கில் எழுதிவிடுகிறார்கள். முன் மெயின் பேரிங் மற்றதைவிட வேகமாகத் தேயும். ஃப்ளைவீல் போல்ட் தளரும். கிராங்க் மூக்கில் சாவிக் காடியின் (பேலன்சரைச் சுழலாமல் பிடிக்கும் சாவி உட்காரும் பள்ளம்) ஓரம் அரிக்கப்பட்டு, பேலன்சரைக் கழற்றினால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் நைசான தூள் இருக்கும். உலோகம் உலோகத்தோடு நுண்ணிய அளவில் உரசியதன் தடம் அது. உங்கள் இன்ஜினில் இன்னொன்றும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம், கேமை இழுப்பது டைமிங் செயின், செயினை இழுப்பது கிராங்கின் முன் மூக்கு. மூக்கு ஆடினால் செயின் ஆடும், கேம் ஆடும், இக்னிஷன் டைமிங்கும் ஆடும். டைமிங் லைட் அடித்துப் பார்க்கும்போது உயர் ஆர்.பி.எம்.மில் கோடு ஒரே இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அலைபாய்ந்தால், டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் சந்தேகிக்காதீர்கள். நிசான் ஆர்பி26 மாதிரி ஆயில் பம்பை கிராங்கே நேரடியாகச் சுற்றும் இன்ஜின்களில் சேதம் இன்னும் மோசம். பம்பின் உள் கியர் விரிசல் விட்டு உடையும், ஆயில் பிரஷர் ஒரே நொடியில் போய்விடும்.

உடைந்த கிராங்க் கையில் கிடைத்தால் விரிசல் போகும் கோணத்தைக் கவனியுங்கள். வளைவினால் வந்த களைப்பு முறிவு ஏறக்குறைய அச்சுக்குக் குறுக்காகப் போகும். முறுக்கினால் வந்தது ஜர்னலை (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) சுற்றி சாய்வாக, 45 டிகிரியை ஒட்டி ஏறும். ஆயில் துளையின் ஓரத்தில் தொடங்கி அப்படிச் சாய்ந்து ஏறும் கோட்டைப் பார்த்தால், அந்த இன்ஜினின் டேம்பரைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

அலுமினியப் புல்லியை ஏன் அவ்வளவு கடுமையாக மறுக்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். அதில் ரப்பரும் இல்லை, திரவமும் இல்லை, தனியாக அசையும் வளையமும் இல்லை. அது வெறும் புல்லி. எடை குறைந்தால் இன்ஜின் சுறுசுறுப்பாக ஏறும் என்கிறார்கள். பேலன்சர் சின்ன விட்டத்தில் இருப்பதால் அங்கே குறைக்கும் எடைக்குக் கிடைக்கும் பலன் சொற்பம். அதே சுறுசுறுப்பு வேண்டுமென்றால் ஃப்ளைவீலில் தேடலாம், அங்கே விட்டம் பெரிது. குட்டையான, விறைப்பான கிராங்க் உள்ள சில நான்கு சிலிண்டர் பந்தய இன்ஜின்கள் டேம்பர் இல்லாமல் ஓடுவது உண்மை. அவற்றின் பெரிய சிகரம் ஓட்ட எல்லைக்கு மேலே இருக்கும், அடிக்கடி பிரித்துப் பார்க்கவும் படும். நீங்கள் சாலையில் ஓட்டப்போகும் நீண்ட ஸ்ட்ரோக் வி8-க்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அப்படியே, மிட்சுபிஷி 4ஜி63 மாதிரி இன்ஜின்களில் பேலன்ஸ் ஷாஃப்டைக் கழற்றுவதைக் காட்டி ‘அவர்கள் கழற்றுகிறார்களே’ என்று சிலர் கேட்பார்கள். அந்த ஷாஃப்ட் பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதால் வரும் குலுக்கலுக்கு. கிராங்க் முறுக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இனி பேலன்ஸ் வகை. தவறு நடந்தால் உடனே தெரிவதும் நிறையப் பேர் தவறுவதும் இங்கேதான். 350-இன் தொழிற்சாலைக் கிராங்க் முன்பக்கத்தைப் பொறுத்தவரை இன்டர்னல் பேலன்ஸ். முன் பேலன்சரில் ஒரு பக்க எடை கிடையாது. 383-க்கு 3.75 ஸ்ட்ரோக்கைக் கொடுத்த தாயான செவ்ரோலே 400 இன்ஜினின் கிராங்க் அப்படி இல்லை. 3.75 அங்குல ஸ்ட்ரோக்குக்குத் தேவையான எதிர்எடை கிராங்க்கேஸுக்குள் அடங்காததால், மீதியை முன் பேலன்சரிலும் பின் ஃப்ளெக்ஸ்பிளேட்டிலும் (ஆட்டோமேட்டிக் கியரில் ஃப்ளைவீல் இடத்தில் இருக்கும் தட்டு) வைத்தார்கள். இன்று 383-க்கென்று விற்கும் கிராங்குகள் இரண்டு வகையிலும் வருகின்றன. பெட்டியில் எழுதியிருப்பதோடு நிறுத்தாமல் பார்ட் நம்பரை வைத்தே சரிபாருங்கள். பின்பக்கமும் ஒரு கண்ணி இருக்கிறது: 1986 முதல் வந்த ஒற்றைத் துண்டு பின் சீல் இன்ஜின்களில் கிராங்கின் பின் ஃபிளேஞ்ச் வட்டமாக இருப்பதால், முன்பக்கம் நடுநிலையாக இருந்தாலும் ஃப்ளெக்ஸ்பிளேட்டில் எடை வேண்டும். இரண்டு துண்டு சீல் பிளாக்கில் இன்டர்னல் பேலன்ஸ் என்றால் அந்த எடையும் வேண்டாம்.

மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோர்டு 302 நல்ல உதாரணம். அதன் பேலன்சரில் ஒரு பக்க எடை (எடையை மையத்திலிருந்து அதன் தூரத்தால் பெருக்கிய அளவு) பழைய வகையில் 28 அவுன்ஸ்-அங்குலம், 1980-களின் தொடக்கத்திலிருந்து வந்தது 50 அவுன்ஸ்-அங்குலம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே மூக்கில் ஏறும். 50 வேண்டிய கிராங்கில் 28-ஐ மாட்டினால் 22 அவுன்ஸ்-அங்குலம் சமநிலை தவறுகிறது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கிறது. 6,000 ஆர்.பி.எம்.மில் கணக்குப் போட்டால் அது கிராங்க் முனையைச் சுழன்று சுழன்று இழுக்கும் விசை ஏறக்குறைய 6,250 நியூட்டன், அதாவது 640 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். முன் மெயின் பேரிங் அதை எவ்வளவு நேரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?

6,500 வரை போகும் இன்ஜினுக்கு இரண்டில் எனக்குப் பிடித்தது இன்டர்னல் பேலன்ஸ். எடை எங்கே தேவையோ அங்கேயே, த்ரோவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டு முனையிலும் தொங்கும் எடை கிராங்கை வளைக்கும் வேலை இல்லை. கிராங்கின் எதிர்எடையில் துளையிட்டு டங்ஸ்டன் கலந்த கனமான உலோகத்தைப் பொருத்த வேண்டி வரலாம், மெஷின் ஷாப் செலவு கூடும். பிற்காலத்தில் பேலன்சரோ கிளட்ச் பக்கமோ மாற்ற நேர்ந்தால் நடுநிலையான எதையும் தைரியமாகப் போடலாம் என்ற வசதி அந்தச் செலவுக்கு ஈடாகும். எக்ஸ்டர்னல் கிராங்க்தான் கையில் இருக்கிறது என்றால் அதுவும் ஓடும்; அப்போது வாங்கப்போகும் அதே பேலன்சரையும் அதே ஃப்ளெக்ஸ்பிளேட்டையும் கிராங்கோடு சேர்த்து மெஷின் ஷாப்புக்குக் கொடுக்க வேண்டும். ‘பேலன்சரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் மொத்த வேலையையும் இரண்டாவது தடவை செய்ய வேண்டி வரும்.

இப்போது வகைகள். ரப்பர் வகையில் நடுவில் ஹப், வெளியே கனமான வளையம், இடையில் ரப்பர். கிராங்க் படபடவென்று முறுக்கும்போது வளையம் தன் போக்கில் சீராகச் சுற்றப் பார்க்கும், ரப்பர் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும். வளையத்தின் எடையும் ரப்பரின் விறைப்பும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு டியூன் ஆகியிருக்கும். அந்த இடத்தில் இருந்த ஒரே பெரிய சிகரத்தை இரண்டு சின்னச் சிகரங்களாகப் பிரித்துவிடும். டியூன் சரியாக விழுந்தால் இதை மிஞ்ச ஆள் இல்லை. தவறிய இடத்தில் பயன் வேகமாகக் குறையும். ரப்பர் சூடானால் இளகும், வயதானால் இறுகும், இரண்டிலும் டியூன் நகரும். ஒட்டிய ரப்பர் விட்டுப்போனால் வளையமே நழுவிச் சுற்றிவிடும். ஏடிஐ சூப்பர் டேம்பர் போன்றவை ஒட்டிய ரப்பருக்குப் பதிலாக ஓ-ரிங்குகள் வைத்தவை. வேறு வேறு கடினத்தில் ஓ-ரிங் போட்டு உங்கள் கிராங்குக்கு ஏற்ப டியூன் செய்யலாம், தேய்ந்தால் பிரித்துப் புதுப்பிக்கலாம். இது பெரிய பலம்.

திரவ வகையில், ஃப்ளூயிடாம்பர் போல, கிராங்கோடு இறுகிய மூடிய கூட்டுக்குள் ஒரு வளையம் மிகக் குறுகிய இடைவெளியில், கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் மிதக்கிறது. கூடு ஆட, வளையம் ஆடாமல் சுற்ற, நடுவில் திரவம் வெட்டுண்டு அதிர்வின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகிறது. இதற்கு ஒரே அதிர்வெண் என்று கிடையாது, அகலமான எல்லையில் வேலை செய்யும். குறிப்பிட்ட ஒரு புள்ளியில் நன்கு டியூன் செய்த ரப்பர் இதை வெல்லலாம். ஆனால் உங்கள் கிராங்கின் உண்மையான அதிர்வெண்ணை நீங்களும் அளக்கப் போவதில்லை, கிராங்க் விற்றவரும் சொல்லப் போவதில்லை. நாளைக்கே கேம் மாற்றுவீர்கள், பிஸ்டன் மாற்றுவீர்கள், ஒருவேளை சூப்பர்சார்ஜரும் வரும். ஒவ்வொன்றும் அந்தப் புள்ளியை நகர்த்தும் அல்லது அதன் உயரத்தை மாற்றும். தெரியாத, மாறக்கூடிய சிகரத்துக்கு அகலமாகப் பிடிக்கும் டேம்பர் பாதுகாப்பானது என்பதால்தான் திரவ வகையை எடுப்பேன் என்றேன். இதே கட்டமைப்பைப் பல தடவை கட்டிய ஒரு இன்ஜின் பில்டர், ‘இந்தக் கிராங்குக்கு இந்த ஓ-ரிங்’ என்று கைகாட்டினால் தயங்காமல் அதை எடுங்கள்.

திரவ வகைக்கு இரண்டு குறை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, பழுதும் பார்க்க முடியாது. ஆயுள் முடிந்தால் புதிதுதான். இரண்டாவது, கூட்டில் ஒரு சின்ன நசுங்கல் விழுந்தாலும் உள்வளையம் உரசிப் பிடித்துக்கொள்ளும், அதன்பின் அது கனமான புல்லி மட்டுமே. பெஞ்சிலிருந்து கீழே விழுந்த திரவ டேம்பரை மாட்டாதீர்கள். பழையதாக யாராவது விற்றால் வாங்காதீர்கள். கூட்டில் துளையிட்டு எடை குறைக்கும் வேலையும் கூடாது. நடுநிலையான திரவ டேம்பரை பேலன்சிங் மெஷினில் கிராங்கோடு ஏற்ற வேண்டாம். உள்வளையம் மிதப்பதால் அளவு ஏமாற்றும்.

உருளைகள் வைத்த ஊசல் வகையும் ஒன்று உண்டு, டிசிஐ ராட்லர் அப்படிப்பட்டது. ஆர்.பி.எம். ஏற ஏற அதன் டியூனும் கூடவே ஏறும் என்பது அழகான தத்துவம். உங்கள் தேவைக்கு முதல் இரண்டுமே போதும்.

அளவு பற்றி. வளையத்தின் நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் இருமடியைச் சார்ந்தது. அதே எடை வளையத்தை 6.75 அங்குலத்திலிருந்து 8 அங்குலத்துக்குக் கொண்டுபோனால் அது சுமார் 40 சதவீதம் கூடும். நீண்ட ஸ்ட்ரோக்குக்குப் பெரியது நல்லது என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். ஆனால் 8 அங்குல விளிம்பு 7,000 ஆர்.பி.எம்.மில் மணிக்கு 268 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அங்கே இருக்கும் ஒவ்வொரு கிராமும் ஐந்தரைக் கிலோ எடைபோல வெளியே இழுக்கும். சாதாரண வார்ப்பிரும்பு வளையத்தை இந்த வேகத்துக்கு நம்பக் கூடாது, வெடித்தால் ரேடியேட்டரும் பானட்டும் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் ஆளும் மாட்டிக்கொள்வார். எஸ்எஃப்ஐ 18.1 என்ற பந்தயப் பாகப் பாதுகாப்புச் சான்று இருப்பது இதற்காகத்தான். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி கால் மைலை 10.99 வினாடியிலோ அதற்கும் வேகமாகவோ ஓடும் காருக்கு அது கட்டாயம். உங்கள் கார் அந்த நேரத்தைத் தொடுமோ தொடாதோ, 6,500 வரை இழுக்கப் போகிறவர் அந்தச் சான்று உள்ளதையே வாங்குங்கள். உங்களுக்கு 7 அங்குலத்தை ஒட்டிய ஸ்டீல் டேம்பர் போதும். 8 அங்குலம் எடுப்பதாக இருந்தால் டைமிங் கவரில் உள்ள முள்ளும் வாட்டர் பம்பும் இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹப் ஸ்டீலாக இருக்கட்டும். இதை ஒரு கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் கிராங்க் மூக்கின் விட்டம் சுமார் 31.6 மில்லிமீட்டர். பேலன்சர் அதில் இறுக்கமாக ஏறி உட்காரும் இறுக்கம் 0.025 மில்லிமீட்டர் அளவில்தான். ஒரு டிகிரிக்கு ஸ்டீல் விரிவது மீட்டருக்கு 12 மைக்ரான், அலுமினியம் 23 மைக்ரான். இன்ஜின் 80 டிகிரி சூடேறினால் அலுமினிய ஹப் கிராங்கைவிட 0.028 மில்லிமீட்டர் கூடுதலாக விரிகிறது. குளிரில் இறுக்கமாக இருந்தது சூட்டில் கிட்டத்தட்ட தளர்ந்து நிற்கிறது. அதன்பின் பிடித்துக்கொண்டிருப்பது போல்ட்டும் சாவியும் மட்டுமே, இரண்டுமே அந்த வேலைக்குச் செய்யப்பட்டவை இல்லை. வெளிக்கூடு அலுமினியமாக இருப்பதில் தப்பில்லை, மூக்கில் உட்காரும் பகுதி ஸ்டீலாக இருக்க வேண்டும்.

அதே காரணத்தால், பெட்டியைப் பிரித்தவுடன் மாட்டப் போகாதீர்கள். மூக்கை மைக்ரோமீட்டரிலும் ஹப் துளையை போர் கேஜிலும் அளந்து, டேம்பர் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தின் கிராங்கும் இன்னொரு நிறுவனத்தின் டேம்பரும் சேரும்போது இறுக்கம் அதிகமாக வருவது சகஜம். மெஷின் ஷாப்பில் ஹோன் செய்து சரிசெய்யலாம். தளர்வாக, கையால் தள்ளினாலே ஏறுகிற மாதிரி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதற்கு வைத்தியம் கிடையாது. சூப்பர்சார்ஜர் எண்ணம் இருந்தால் கிராங்கில் இரண்டாவது சாவிக் காடி இப்போதே வெட்டிக்கொள்வது நல்லது. எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் போடுவதாக இருந்தால், ட்ரிகர் வீலை (கிராங்கின் நிலையைச் சென்சார் படிக்கும் சக்கரம்) ஹப்போடு சேர்த்து மாட்டுங்கள். அசையும் வெளிவளையத்தில் மாட்டினால், இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) படிப்பது கிராங்கின் நிலையை இல்லை, வளையத்தின் நிலையை.

மாட்டும்போது சுத்தியல் கூடவே கூடாது. ஒவ்வொரு அடியும் த்ரஸ்ட் பேரிங்கில் போய் விழும், டேம்பரும் கெடும். கிராங்க் போல்ட்டையே வைத்து இழுத்து ஏற்றுவதும் தவறு. தொடக்கத்தில் இரண்டு மூன்று மரைதான் பிடித்திருக்கும், மரை உரிந்தால் கிராங்கையே வெளியே எடுக்க வேண்டி வரும். சரியான இன்ஸ்டாலர் கருவியை மூக்கின் மரையில் அடிவரை இறக்கி, நட்டைத் திருகி ஏற்றுங்கள். சில பழைய ஸ்மால் பிளாக் கிராங்குகளில் மூக்கில் மரையே இருக்காது, அவை இந்த வேலைக்கு உதவாது. உங்கள் புதிய கிராங்கில் இருக்கும். ஹப் தனியாகக் கழன்று வரும் வகையில் ஹப்பை மட்டும் வெந்நீரிலோ அவனிலோ சூடாக்கி ஏற்றலாம். ரப்பரோ திரவமோ உள்ள பகுதிக்கு நெருப்பைக் காட்டாதீர்கள். ஹப் டைமிங் கியரில் போய் முட்டி உட்கார்ந்ததை உறுதிசெய்து, தடித்த வாஷரோடு 7/16 அங்குலப் போல்ட்டை 60 அடி-பவுண்டுக்கு முறுக்குங்கள். முன் ஆயில் சீல் உரசும் பரப்பில் எண்ணெய் தடவவும், சாவிக் காடியில் கொஞ்சம் சிலிக்கோன் சீலன்ட் வைக்கவும் மறக்க வேண்டாம். காடி வழியாகக் கசிவதைச் சீல் கசிகிறது என்று நினைத்துச் சீலை மாற்றுகிறவர்கள் நிறைய.

டேம்பரில் உள்ள டிடிசி (முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கோட்டை அப்படியே நம்பக் கூடாது. ஸ்மால் பிளாக்கில் கோட்டின் இடமும் டைமிங் கவரின் முள்ளும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கின்றன, வெவ்வேறு காலத்துப் பாகங்களைச் சேர்த்தால் கோடு பொய் சொல்லும். பேட்டரியைக் கழற்றி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனை உச்சிக்கு முன்பே தடுக்கும் கருவி) திருகுங்கள். கிராங்கைக் கையால் ஒரு பக்கம் சுற்றி நிற்கும் இடத்தில் ஒரு கோடு, எதிர்ப்பக்கம் சுற்றி நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரியாக நடுவில்தான் டிடிசி. முள்ளை அதற்கு நேராக வளைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேலன்சரைக் கழற்ற மூன்று போல்ட் புல்லரைப் பயன்படுத்துங்கள்; வெளிவிளிம்பைக் கவ்வும் வகை ரப்பரைக் கிழித்துவிடும். கழற்றியபின் அதை ஒரு பாடமாகப் பாருங்கள். ரப்பரின் ஓரத்தை நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறதா, ஒரு பக்கம் பிதுங்கியிருக்கிறதா, வளையம் ஹப்பைவிட முன்னால் நகர்ந்திருக்கிறதா? ‘பார்க்க நன்றாக இருக்கிறது’ என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் இந்த இடங்களைப் பார்க்காமல் சொன்னதாக இருக்கும்.

ரப்பர் அல்லது ஓ-ரிங் வகையைத்தான் எடுக்கிறீர்கள் என்றால், மாட்டியவுடன் ஹப்பிலிருந்து வளையம் வரை குறுக்காக மெல்லிய வெள்ளைப் பெயின்ட் கோடு ஒன்று போட்டுவிடுங்கள். முதல் சில சூடேற்றங்களுக்குப் பிறகும் ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு முறியாமல் நேராக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. நடுவில் கொஞ்சம் விலகியிருந்தால் வளையம் நழுவத் தொடங்கிவிட்டது. ஓ-ரிங் வகையைப் பிரித்துப் புது ஓ-ரிங் போடுங்கள், ஒட்டிய ரப்பர் வகையை மாற்றிவிடுங்கள், அதுவரை காரை டிராக்குக்கு எடுக்க வேண்டாம்.